நாய்க்கு வீட்டிலேயே சமைப்பது: அடுப்புக்கு முன்னால் தராசு

நாய்க்கு வீட்டில் சமைக்க ஆரம்பிக்கிற எல்லாரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். அரைக் கிலோ கோழி, ரெண்டு டம்ளர் அரிசி, குக்கரில் நாலு விசில். நானும் அப்படித்தான் தொடங்கினேன். எங்கள் மணி (தெருவிலிருந்து வந்தவன், இப்போது 15 கிலோ) தட்டை நக்கியே பளபளப்பாக்கி வைத்தான், எனக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டு மாதம் கழித்து டாக்டர் "கால்சியத்துக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அதற்கப்புறம் முறையாகக் கற்றுக்கொண்டு, அக்கம்பக்கத்தில் நாலைந்து பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். சமைக்கத் தெரியாமல் யாரும் தடுமாறவில்லை. சமைக்கும் முன் செய்ய வேண்டியதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துத்தான் தடுமாறினார்கள். அதனால் இங்கே அடுப்பு பற்றவைப்பது ஆறாவது படியில்தான் வரும்.

1. உங்கள் நாய்க்கு இது ஒத்துவருமா என்று பாருங்கள்

இது உடம்புக்கு ஒன்றுமில்லாத, வளர்ந்து முடிந்த நாய்க்கான முறை. குட்டிக்கு வேண்டாம். வளரும் எலும்புக்குக் கால்சியமும் பாஸ்பரசும் சரியான விகிதத்தில் வேண்டும். வெறும் கறியும் சோறும் தின்று வளர்கிற குட்டியின் எலும்பு மெலிந்து, சோபாவிலிருந்து குதித்தாலே முறியும். சரி, கால்சியத்தை அள்ளிப் போடலாமே என்றால், பெரிய இனக் குட்டிகளுக்கு அதிகமானாலும் எலும்பு கோணும். அந்த வயதைக் கடையில் கிடைக்கும் குட்டி உணவோடு ஓட்டிவிடுவதே நல்லது.

சினை நாய், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, கணையத்தில் வீக்கம் வந்த நாய் இவற்றுக்கெல்லாம் டாக்டர் எழுதித் தரும் அளவுதான். இணையத்தில் பார்த்த அளவு எதுவும் உதவாது, என்னுடையது உட்பட.

பூனைக்கும் இந்தப் பானையிலிருந்து எடுத்து வைக்காதீர்கள். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். தயிர்சாதம் தின்றே வளர்கிறது என்று சொல்லப்படும் பூனைகள் பெரும்பாலும் வெளியே எதையோ பிடித்துத் தின்றுதான் பிழைக்கின்றன.

2. நாயை எடை போடுங்கள், கலோரியைக் கணக்கிடுங்கள்

முதலில் நீங்கள் மட்டும் எடைக் கருவியில் ஏறுங்கள், பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். கூடவே விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். விரித்த கையின் புறத்தைத் தடவினால் எலும்பு எப்படித் தெரிகிறதோ அப்படித் தெரிந்தால் சரியான உடம்பு. உள்ளங்கையைத் தடவுவது மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு ஏறியிருக்கிறது. அப்போது இருக்கிற எடைக்குப் பதில், இருக்க வேண்டிய எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாட்டு வேட்டை நாய் வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம், அவை ஒல்லியாகத்தான் இருக்கும்.

போனில் உள்ள கால்குலேட்டர் போதும். எடையை மூன்று தடவை எழுதிப் பெருக்குங்கள், வர்க்கமூலம் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள், 70ஆல் பெருக்குங்கள். எங்கள் மணிக்கு 15 × 15 × 15 = 3375. முதல் வர்க்கமூலம் 58.1, இரண்டாவது 7.62. 70ஆல் பெருக்கினால் சுமார் 533. இது ஒரு நாள் முழுக்கச் சும்மா படுத்துக் கிடக்கவே ஆகும் கலோரி. கருத்தடை செய்த, சாதாரணமாக நடமாடும் நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்க வேண்டும்: 850.

எடை இரட்டிப்பானால் சாப்பாடும் இரட்டிப்பாகும் என்று நினைப்பதுதான் இங்கே பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு. 10 கிலோ நாய்க்கு 630 கலோரி, 20 கிலோ நாய்க்கு 1060தான். பக்கத்து வீட்டு லாப்ரடார் குண்டாவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்கு.

3. உங்கள் சமையலிலிருந்து நாயின் சமையலைப் பிரியுங்கள்

நாய்க்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. தீட்டுக்காகச் சொல்லவில்லை. குழம்புக் கரண்டியும் நாய்ப் பானையும் ஒரே மேடையில் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் கை மாறும்.

வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு மூன்றும் நாயின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் குணம் போகாது. அன்றைக்கே ஒன்றும் தெரியாது என்பதுதான் ஆபத்து. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்பாகும்போதுதான் புரியும். வாசனைக்கு அரை ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது போட்டேன் என்று என்னிடம் மட்டுமே மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். நாய்க்கு அந்த வாசனை வேண்டாம், கோழி வாசனையே அதற்கு அமிர்தம்.

திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசத்தில் கிடக்கிற நாலு உட்பட. ஏன் என்பது ரொம்ப நாள் புதிராக இருந்தது. 2021இல் அமெரிக்க விலங்கு நச்சு மையத்து மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைக் காரணமாகச் சுட்டினார்கள். நம் வீட்டில் அதே அமிலம் எதில் நிறைய இருக்கிறது? புளியில். ஆகவே சாம்பார் சாதம், ரசம் சாதம், புளியோதரை எல்லாம் கிடையாது. அப்புறம் சாக்லேட், காபித்தூள், புளித்த பச்சை மாவு, சர்க்கரை இல்லாத இனிப்புகளிலும் சில வேர்க்கடலை வெண்ணெயிலும் சேர்க்கும் சைலிட்டால். கடைசியில் சொன்னது அரை மணி நேரத்துக்குள்ளேயே நாயின் ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும், ஆகவே வேர்க்கடலை வெண்ணெய் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

4. கால்சியத்தைத் தயார் செய்யுங்கள்

இந்தப் படியைத்தான் நான் எட்டு மாதம் தாண்டிப்போனேன். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. சாப்பாட்டில் கால்சியம் வராவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் நாய் நன்றாகத்தான் இருக்கும்.

முட்டை ஓடு போதும். ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வாணலியில் மிதமான சூட்டில் ஈரம் போக வறுத்து, உலர்ந்த மிக்ஸி ஜாரில் அரையுங்கள். கொதிக்க வைப்பது ஓட்டில் ஒட்டியிருக்கும் கிருமிக்காக, வறுப்பது ஜாரில் ஒட்டாமல் அரைபட. டால்கம் பவுடர் மாதிரி வரும்வரை அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். நறநறவென்று இருக்கும் பொடி குடலை உறுத்தும், உடம்பிலும் சரியாகச் சேராது.

அரை டீஸ்பூன் பொடியில் ஏறக்குறைய 1000 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. 850 கலோரி சாப்பிடும் நாய்க்கு அது ஒரு நாளைக்குச் சரி. உங்கள் நாயின் கலோரி இதில் பாதி என்றால் பொடியும் பாதி.

கால்சியம் மட்டும் போதாது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 200 வீட்டு நாயுணவுக் குறிப்புகளைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள், அதில் 95 சதவீதக் குறிப்புகளில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்தது. அடிக்கடி விடுபடுபவை துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ. "வெயிலில்தானே படுத்துக் கிடக்கிறது, டி வந்துவிடாதா?" என்று எல்லாரும் கேட்பார்கள். நாயின் தோல் நம் தோலைப் போல அதைப் போதிய அளவு செய்யாது. எனவே வீட்டுச் சாப்பாட்டுக்கென்றே வரும் நாய்க்கான வைட்டமின், தாதுப்பொடி ஒன்றை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். அதிலேயே கால்சியம் முழு அளவு இருந்தால் ஓட்டுப்பொடி வேண்டாம், ரெண்டையும் போட்டு இரட்டிப்பாக்காதீர்கள். நாம் சாப்பிடும் மாத்திரையை உடைத்துப் போடுவது கூடவே கூடாது.

5. அளந்து வாங்குங்கள்

மணியின் ஒரு நாள் கணக்கு இது, எல்லாம் வெந்தபின் எடை: தோல், எலும்பு நீக்கிய கோழி 200 கிராம், சோறு 200, கோழி ஈரல் 25, காய் 100, அவித்த முட்டை ஒன்று, சூரியகாந்தி எண்ணெய் ஒரு டீஸ்பூன். மொத்தம் சுமார் 795 கலோரி. மீதி 55 எங்கே போகிறது என்று கடைசியில் சொல்கிறேன்.

கோழி வெந்தால் கால்வாசி எடை குறையும், அரிசி மூன்று மடங்காகும். ஐந்து நாளைக்கு ஒரே தடவையாகச் சமைத்தால் எலும்பில்லாத கோழி 1.35 கிலோ, அரிசி 350 கிராம், ஈரல் 170 கிராம், காய் அரைக் கிலோ. ரேஷன் அரிசியே போதும், பாசுமதி வாங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அது உங்கள் பணம்.

ஈரல் மலிவு என்று அதையே கிலோக்கணக்கில் போடாதீர்கள். அதில் வைட்டமின் ஏ அபாரமாக இருக்கிறது, அது நாயின் ஈரலில் சேர்ந்து தங்கும். மொத்தச் சாப்பாட்டில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ஈரல் போடுகிற வீட்டில் மீன் ஈரல் எண்ணெயும் தனியாகக் கொடுக்கக் கூடாது, அதே காரணம்.

காயில் பூசணி, கேரட், பீன்ஸ் மூன்றும் எளிதில் ஒத்துக்கொள்ளும். எண்ணெயில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். தோல் நீக்கிய கோழியில் லினோலிக் அமிலம் என்ற கொழுப்புச் சத்து குறைவு, அது போதாவிட்டால் நாயின் தோலும் ரோமமும் வறண்டு போகும். சூரியகாந்தி எண்ணெயில் அது நிறைய. தேங்காயெண்ணெயிலும் நெய்யிலும் மிகக் கொஞ்சம்தான், "நல்ல கொழுப்பு" என்று அதை ஊற்றுவதில் பயனில்லை. நெய் தாராளமானால் கணையம் வீங்கும்.

வாரம் ஒரு நாள் கோழிக்குப் பதில் மத்தி மீன் போடலாம், வேகவைத்து முள்ளை உதிர்த்து எடுத்துவிட்டு. கருவாடு உப்பு, அதைத் தொடாதீர்கள்.

6. இப்போது அடுப்பு

காலிப் பானையின் எடையைப் போட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஏன் என்று அடுத்த படியில் தெரியும். இதை மறக்காத புது ஆள் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

கோழியையும் ஈரலையும் மூழ்கும் அளவு தண்ணீரில் குக்கரில் மூன்று விசில் விடுங்கள். உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். மஞ்சள் போட்டே பழகிய கை என்றால் ஒரு சிட்டிகை போடட்டும், கெடுதல் இல்லை. எலும்போடு வாங்கியிருந்தால் வெந்ததும் கையால் பிரித்து எலும்பைத் தூக்கிப் போடுங்கள். வெந்த எலும்பு கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். குக்கரில் மெத்தென்று ஆகிவிட்டதே என்று கேட்பார்கள். நுனி மெத்தென்று இருக்கும், நடுவில் இருக்காது.

வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். சத்துகள் அதில்தான் இறங்கியிருக்கின்றன. ஆறவிட்டு மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே அரிசியையும் துருவிய காயையும் குழைய வேகவிடுங்கள். காயைத் துருவச் சொல்வதற்குக் காரணம், நாய் மென்று தின்னாது. பெரிய துண்டாகப் போட்ட கேரட் மறுநாள் பெரிய துண்டாகவே வெளியே வரும், வேண்டுமானால் பரிசோதித்துப் பாருங்கள்.

கோழியை உதிர்த்துச் சோற்றோடு நன்றாகப் பிசையுங்கள். மேலோட்டமாகக் கலந்தால் நாய் கறியை மட்டும் பொறுக்கிவிட்டுச் சோற்றை வைத்துவிடும்.

7. ஆறவிட்டு, பிரித்து, அப்புறம் சேர்ப்பது

இப்போது பானையோடு எடை போட்டு, எழுதி ஒட்டிய காலிப் பானை எடையைக் கழியுங்கள். வருவதைப் பத்தால் வகுத்தால் ஒரு வேளை அளவு, ஐந்து நாளைக்கு இரண்டு வேளை வீதம். தண்ணீர் ஒவ்வொரு தடவையும் கூடக்குறைய இருக்கும் என்பதால் போன வாரத்து எடை இந்த வாரம் ஒத்துவராது. கரண்டிக் கணக்கு இதனால்தான் தோற்கிறது.

டப்பாக்களில் பிரித்துத் தேதி எழுதுங்கள். முதல் இரண்டு நாளுக்கானது ஃப்ரிட்ஜில், மற்றது ஃப்ரீசரில். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றி வையுங்கள். நம் ஊர் வெயிலில் மேடைமேல் வைத்து உருக விடுவது கிருமிக்கு விருந்து வைப்பதுதான். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கவும் வேண்டாம்.

ஓட்டுப்பொடி, வைட்டமின் பொடி, எண்ணெய், முட்டை இவை எல்லாம் தட்டில் வைக்கும்போதுதான் சேர வேண்டும். சூட்டில் சில வைட்டமின்கள் அழியும். ஓட்டுப்பொடியைப் பானையில் கொட்டிக் கலக்கினால் அது அடியில் போய்ப் படியும், திங்கட்கிழமை ஒன்றும் கிடைக்காது, வெள்ளிக்கிழமை மொத்தமும் கிடைக்கும். வேளைக்குக் கால் டீஸ்பூன், அளந்து.

தட்டை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், மிச்சம் இருந்தாலும்.

8. பத்து நாளில் மாற்றுங்கள்

முதல் மூன்று நாள் பழைய சாப்பாட்டில் கால் பங்கு மட்டும் புதியது. அடுத்த மூன்று நாள் பாதி. அப்புறம் மூன்று நாள் முக்கால். பத்தாம் நாள் முழுசாக. நாயின் குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாற அவ்வளவு நேரம் பிடிக்கும். ஆசை ஆசையாகத் தின்கிறதே என்று முதல் நாளே முழுத் தட்டு வைத்தவர்கள் மறுநாள் காலை வராந்தாவைக் கழுவியிருக்கிறார்கள்.

மலம் இளகினால் முன்னால் போகாமல் அதே பங்கில் இரண்டு நாள் நில்லுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, மலத்தில் ரத்தம், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சோர்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் டாக்டரிடம் போங்கள்.

சமைக்க நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. கடை உணவையே வைத்து, அதன்மேல் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இந்தக் கோழிச் சோற்றைப் போடுங்கள். அந்த அளவுக்குள் ஓட்டுப்பொடி, வைட்டமின் எதையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

9. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை

சூத்திரம் கொடுப்பது ஒரு தொடக்கம்தான், நாய்க்கு நாய் மாறும். எடை ஏறினால் கோழியையும் சோற்றையும் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள், இறங்கினால் கூட்டுங்கள். பொடிகளின் அளவை மட்டும் தொடாதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் உண்டு. போகும்போது நீங்கள் போடும் அளவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "வீட்டுச் சாப்பாடுதான் சார்" என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

10. ட்ரீட்: அந்த 55 கலோரி

ட்ரீட் எல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நீங்கள் அளந்து சமைத்த கணக்கெல்லாம் வீண்.

கேழ்வரகு பிஸ்கட்: ஒரு கப் மாவு (120 கிராம்), ஒரு முட்டை, மசித்த பூசணி அரை கப், ஒரு டீஸ்பூன் எண்ணெய். பூசணியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள், ஒரேயடியாகப் போட்டால் மாவு தளர்ந்து ஒட்டும். அரை செ.மீ. கனத்துக்குத் தட்டி, ஐம்பது துண்டாக வெட்டி, தோசைக்கல்லில் மூடி போட்டுச் சிறுதீயில் பக்கத்துக்கு எட்டு நிமிடம். துண்டுக்கு 11 கலோரி, ஆகவே நாளைக்கு ஐந்து. வெல்லம், சோடா மாவு எதுவும் வேண்டாம், நாய் அதைக் கேட்கவே இல்லை.

சர்க்கரைவள்ளிக் கிழங்கை அரை செ.மீ. வில்லைகளாக்கி இட்லிப் பானையில் எட்டு நிமிடம் அவித்து, அப்புறம் மொட்டைமாடியில் வெயிலில் காயவைக்கலாம், வற்றல் போடுவது மாதிரியே, மேலே துணி கட்டி. ஆனால் கோழித் துண்டையோ ஈரலையோ அப்படி வெயிலில் போடாதீர்கள். காயும் முன் அதில் கிருமி பெருகிவிடும். ஈரலைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, பட்டாணி அளவு வெட்டி, தோசைக்கல்லில் சிறுதீயில் ஈரம் போகும்வரை புரட்டி எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஐந்து நாள் வரும். ஈரல் ட்ரீட் கொடுக்கிற வாரம் சாப்பாட்டில் ஈரலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன டப்பா. காலையில் அன்றைய ஐந்து பிஸ்கட்டை அதில் போட்டு எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் நான், மனைவி, பையன், அம்மா நாலு பேரும் தனித்தனியாக "ஒண்ணே ஒண்ணுதான்" கொடுத்துக்கொண்டிருந்தோம், அம்மா கணக்கில் மட்டும் அரை இட்லியும் சேர்ந்திருந்தது. இப்போது யார் கொடுத்தாலும் டப்பாவிலிருந்துதான். காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான், மணி டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும்.